தோட்டத்து சாளைக்கு காமிரா மாட்டியாச்சு. சாவி யார் கையில்?

கோவை,

களத்தைப் பார்த்து ஒரு காமிரா. மாட்டுக் கொட்டகை மூலையில் ஒன்று. வாசலில் ஒன்று. கிணற்றடியில் ஒன்று.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டத்து சாளைகளுக்கு இப்போது இதுதான் புது அலங்காரம். தென்னை மரங்களுக்கு நடுவே இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் காமிராவை மாட்டி வைக்கிறார்கள்.

வீட்டுக்குள் டி.வி. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் அது. அதற்கு இன்டர்நெட் இணைப்பு. தோட்டத்தில் இருப்பது அப்பாவும் அம்மாவும். படத்தைப் பார்ப்பது பெங்களூரிலோ, துபாயிலோ, அமெரிக்காவிலோ இருக்கும் மகனும் மகளும்.

ஏன் இந்த அவசரம்? பயம்!

பல்லடமும் சிவகிரியும்

2024 நவம்பர் 28-ந் தேதி இரவு. பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் 3 பேரும் படுகொலை செய்யப்பட்டார்கள். கொங்கு நாடே கதிகலங்கியது. தனிப்படைகள் தேடின. மாதங்கள் ஓடியும் துப்பு துலங்கவில்லை.

5 மாதம் கழித்து அடுத்த இடி. ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் விளக்கேத்தி மேகரையான் தோட்டத்தில் தனியாக வசித்த வயதான கணவன்-மனைவி கொலை. 2025 மே 1-ந் தேதிதான் அது வெளியே தெரிந்தது. கொலை நடந்தது அன்றைக்கு அல்ல. சில நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது!

பிள்ளைகள் இருந்தது வேறு ஊரில். போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. ஆள் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் அம்பலம் ஆனது.

அந்த மே மாதமே 3 பேரையும், நகையை வாங்கியதாக இன்னொருவரையும் போலீசார் கைது செய்தார்கள். பல்லடம் கொலைகளிலும் இதே ஆசாமிகள்தான் என்று போலீசார் அறிவித்தார்கள். கூடவே, தனியாக இருக்கும் தோட்டத்து வீட்டுக்காரர்கள் காமிரா வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள்.

ஜனங்கள் கேட்டார்கள். காமிராவும் வந்தது. ஆனால் காமிரா வந்த வேகத்தில், அதை யார் பார்ப்பது, பார்த்தால் என்ன செய்வது என்ற யோசனை வரவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பதிவு ஆனது, பார்க்க ஆள் இல்லை

2023 நவம்பரில் கோவை காந்திபுரத்தில் ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடையில் நடந்த கொள்ளை வாசகர்களுக்கு மறந்திருக்காது. ஏ.சி. எந்திரத்துக்கான ஓட்டை வழியாக ஒரே ஒரு ஆசாமி உள்ளே இறங்கினான். சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, ஷோகேசில் இருந்த நகைகளைச் சாவகாசமாக அள்ளினான். கிலோ கணக்கில் தங்கம்!

கடையில் காமிராவுக்குக் குறைவு இல்லை. அத்தனையும் பதிவு ஆகியிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் படத்தை ஒருவரும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் திருட்டு போனது தெரிந்தது. பிறகு போலீசார் காமிராப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆளைப் பிடித்து, நகைகளையும் மீட்டார்கள்.

நகைக்கடைக்கு அது போதும். போன தங்கம் திரும்பி வரும். தோட்டத்தில் தனியாகப் படுத்திருக்கும் ஆத்தாவுக்கும் அப்பாருக்கும் அது போதுமா? காலையில் பார்க்கும் படத்தால் உயிர் திரும்புமா?

இன்னொரு சம்பவத்தையும் பார்க்கலாம். 2024 செப்டம்பர் 27-ந் தேதி விடியும் முன் கேரளாவில் திருச்சூர் பகுதியில் 3 ஏ.டி.எம்.களை ஒரு வடநாட்டுக் கும்பல் உடைத்தது. காமிராக்கள் மீது கறுப்பு பெயிண்டு அடித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்கள். காமிராவின் கண் அவிந்து போனது. ஆனால் தகவல் எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் போலீசுக்கு வந்தது. நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையம் பக்கம் கண்டெய்னர் லாரியைத் துரத்திப் பிடித்தார்கள். உள்ளே காரோடு கும்பல் இருந்தது. போலீசார் சுட்டதில் ஒருவன் செத்தான். மற்றவர்கள் பிடிபட்டார்கள்.

ஓர் இடத்தில் காமிரா முழுசாக வேலை செய்தும் பார்க்க ஆள் இல்லை. இன்னோர் இடத்தில் காமிராவே குருடு. ஆனாலும் சரியான நேரத்தில் சரியான ஆளுக்குச் சொல்லப்பட்ட சேதி கும்பலைப் பிடித்துக் கொடுத்தது. தோட்டத்து வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பெட்டி பேசுவது எப்படி?

தோட்டத்துக் காமிராவை துபாயில் இருந்து பார்க்க முடிகிறதே, அது எப்படி? மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன.

பழைய வழி: வீட்டு இன்டர்நெட் பெட்டியான ரவுட்டரில், வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைப்பது. 'போர்ட் பார்வர்டிங்' என்பார்கள். கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். வீட்டுக்காரர் வரும் வழியில் வேறு ஆசாமியும் வந்து தட்டிப் பார்க்கலாம். இப்போது பல இன்டர்நெட் கம்பெனிகள் ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதால், இந்த வழி பல இடங்களில் நடப்பதும் இல்லை.

புது வழி: ரெக்கார்டரின் முதுகில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுதான் கியூ.ஆர். கோடு. செல்போனில் அந்தக் கம்பெனியின் ஆப்பை இறக்கி, ஸ்டிக்கரைப் படம் பிடித்தால் முடிந்தது கதை. தோட்டத்துப் பெட்டி கம்பெனியின் சர்வரோடு பேசும். சர்வர் மகனின் செல்போனோடு பேசும். 5 நிமிட வேலை.

வேலை சுலபம் ஆனதில்தான் ஆபத்தும் புகுந்தது. காமிரா மாட்டும் பையனே தன் செல்போனில் கணக்கு ஆரம்பிக்கிறான். அவனே பாஸ்வேர்டு போடுகிறான். பிறகு மகனுக்குப் பார்க்க அனுமதி கொடுக்கிறான். அதாவது வீட்டுச் சாவியின் அசல் அவனிடம், நகல் வீட்டுக்காரரிடம்!

"பாஸ்வேர்டு என்னங்க?" என்று தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மாட்டின தம்பிக்குத்தானுங்க தெரியும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

அந்தத் தம்பி யோக்கியனாக இருக்கலாம். பெரும்பாலும் யோக்கியன்தான், வெயிலில் ஏணி மேல் நின்று நாள் முழுக்க ஒயர் இழுப்பவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால் அவன் நாளை கடையை விட்டுப் போவான். செல்போனை விற்பான். தொலைப்பான். அவனுக்குப் பிறகு அந்தக் கணக்கு யார் கையில் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ராஜ்கோட் விவகாரம்

சாவி வேறு கைக்குப் போனால் என்ன ஆகும்? 2025 பிப்ரவரியில் நாடே பார்த்தது.

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரி. அங்கே பெண்களைப் பரிசோதிக்கும் அறையில் எடுத்த காமிராப் படங்கள் வெளியே வந்தன. டெலிகிராமில் காசுக்கு விற்றார்கள். விசாரித்தபோது, நாட்டின் பல ஊர்களில் இருந்து சுமார் 50 ஆயிரம் துண்டுப் படங்களைக் கும்பல் களவாடி இருந்தது தெரிய வந்தது. ஆஸ்பத்திரிப் பெட்டியின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 'அட்மின்123'!

கம்பெனியில் இருந்து வரும்போதே போட்டுத் தரும் வார்த்தை போன்றது அது. பூட்டு வாங்கி, சாவியையும் அதிலேயே தொங்க விட்ட மாதிரி.

இதற்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கிணற்றடியில் இருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் தொட்டியடியில் குளிப்பார்கள். வாசல் திண்ணையில் படுப்பார்கள். மோட்டார் திருடு போகக் கூடாது என்று கிணற்றைப் பார்த்து வைத்த காமிரா தொட்டியையும் பார்க்கிறது. வயதானவர்கள் கீழே விழுந்தால் தெரியட்டும் என்று படுக்கை அறையில் வைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அவர் சேலை மாற்றுவது எந்தெந்த ஊர் செல்போனில் தெரிகிறது என்று அவருக்குத் தெரியுமா?

அனுமதி இல்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தைப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் வெளியே போன படத்தை எந்தச் சட்டமும் திரும்ப வாங்கித் தராது.

தோட்டத்துப் பெட்டியை எவன் தேடி வருவான் என்ற தைரியமும் வேண்டாம். அவன் தேடி வருவதில்லை, எந்திரம் தேடுகிறது. 2016-ல் 'மிராய்' என்று ஒரு புரோகிராம் உலகத்தைச் சுற்றியது. இன்டர்நெட்டில் கிடக்கும் ரெக்கார்டர், காமிரா, ரவுட்டர் கதவுகளை வரிசையாகத் தட்டும். 60-க்கு மேற்பட்ட பழகிப் போன பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும். திறந்தால் அந்தப் பெட்டி அதற்கு அடிமை. இப்படி லட்சக்கணக்கில் அடிமைகள் சேர்ந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அந்த மாதிரிப் பெட்டிகளை ஏவி, 'டைன்' என்ற கம்பெனியைத் தாக்கியதில் அமெரிக்காவில் டுவிட்டர் உள்பட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. இத்தனைக்கும் மிராயை எழுதியது இருபது வயசு சுமாருக்கு 3 வாலிபர்கள். அவர்கள் வெளியே விட்டதை வேறு ஆசாமிகள் எடுத்துக் கைவரிசை காட்டினார்கள்.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2025 ஏப்ரல் 9-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அது கடைக்கு வரும் புதுச் சரக்குக்குத்தான். ஏற்கனவே சுவரில் தொங்கும் பெட்டியை யாரும் வந்து சோதிக்கப் போவது இல்லை. சோதனையில் தேறிய பெட்டிக்கும் வீட்டுக்காரர் தன் பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டால் அரசாங்கம் என்ன செய்யும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. கணக்கு வீட்டுக்காரர் பெயரில், வீட்டுக்காரர் செல் நம்பரில் இருக்க வேண்டும். மாட்டுகிறவர் வேலையை முடித்துப் பணம் வாங்கும் முன்பே, அவர் எதிரில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வேறு போனில் நுழைந்தால் ஓ.டி.பி. கேட்கும் வசதி ஆப்பில் இருந்தால் போட்டு வைக்கலாம். தம்பி, மைத்துனருக்குப் பார்க்கக் கொடுப்பதானால் 'பார்க்க மட்டும்' என்ற அனுமதி போதும். அழிக்கும் அனுமதி எதற்கு? ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் வழக்கத்தையும் விட வேண்டும். பழைய பாஸ்வேர்டு மாற்றாத சில பெட்டிகளுக்கு அந்த நம்பர் கிடைத்தாலே போதும், எவனும் உள்ளே வந்துவிடுவான்.

பியூஸ் கட்டை பிடுங்கினால்?

திருடனுக்கும் இதெல்லாம் தெரியும். காமிராவைப் பார்த்துப் பயந்த காலம் போய்விட்டது. முகமூடி போடுகிறான். காமிராவை வேறு பக்கம் திருப்புகிறான். இன்னும் கில்லாடியாக இருந்தால் போகும்போது ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். சாட்சியே கைப்பெட்டியில்!

தோட்டத்து வீட்டில் அதைவிடச் சுலபமான வழி உண்டு. வெளிச் சுவரில் மீட்டர் பெட்டி. பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் காமிரா, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் கண் மூடும்.

பலர் ரெக்கார்டருக்கு மட்டும் பேட்டரி வைக்கிறார்கள். ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனால் பெட்டி பதிவு செய்துகொண்டே இருக்கும்; மகனுக்குச் சேதி மட்டும் போகாது. இரண்டுக்கும், காமிராக்களுக்கும் சேர்த்து யு.பி.எஸ். வேண்டும். ரெக்கார்டர் டி.வி. பக்கத்தில் ஊரறிய இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பரண் மேலோ, பூட்டிய அலமாரியிலோ காற்றோட்டமாக வைக்கலாம்.

கேபிள் போகாத தோட்டங்களில் சிம் கார்டு போட்ட காமிரா வைக்கிறார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விநாடிக்கு அரை மெகாபிட் என்ற சின்னப் படமாகப் பார்த்தாலே, ஓயாமல் பார்த்தால் ஒரு நாளைக்கு 5 ஜி.பி.க்கு மேல் போகும். தினம் ஒன்றரை ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்தவருக்கு 7 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பகலில் ஆடு மேய்வதை அமெரிக்காவில் இருந்து ரசித்தால், நடு ராத்திரி ஆள் வரும்போது டேட்டா இருக்காது!

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் ஒருவரும் கேட்பது இல்லை. 4 காமிரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் 1 டெரா பைட் டிஸ்க்கில் 6 நாள்கூட முழுசாக நிற்காது. புது சுருக்கு முறை உள்ள பெட்டியில் படம் பாதி இடத்தில் அடங்கும்; 11 நாள் சுமாருக்கு வரும். அதற்கு மேல் பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிவாகும். சிவகிரி மாதிரி சில நாள் கழித்துத் தெரிய வரும் சம்பவத்தில், இன்னும் தாமதமானால் கொலைகாரனின் முகத்தின் மேல் களத்துக் கோழியின் படம் ஏறி இருக்கும்.

ராத்திரி 2 மணி

காமிரா சரி, பாஸ்வேர்டு சரி, கரண்டும் இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு ஆள் வருகிறான். மகனின் செல்போனில் மணி அடிக்கிறது.

மகன் பார்ப்பாரா? அதற்கு முன்பு நூறு தடவை அடித்திருக்கும். நாய் ஓடினால் அடிக்கும். காமிரா முன் சிலந்தி வலை ஆடினால் அடிக்கும். மழை பெய்தால் அடிக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இதே தொந்தரவாப் போச்சு" என்று மணியை அமர்த்திவிடுவார்கள். அன்றோடு அது காவல்காரன் அல்ல, வெறும் டேப் ரெக்கார்டர். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும், ராத்திரியில் மட்டும், கேட்டுக்கு உள்ளே மட்டும் அடிக்கும்படி கோடு போட்டு வைக்கும் வசதி இப்போது பல பெட்டிகளில் உண்டு. மாட்டுகிறவர்களிடம் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

வெளிநாட்டில் பிள்ளை இருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. இங்கே ராத்திரி 2 மணி என்றால் நியூயார்க்கில் முந்தின நாள் மாலை மூன்றரை அல்லது நாலரை. பிள்ளை முழித்துத்தான் இருப்பார். பெங்களூர் மகன் தூங்குவார். அமெரிக்க மகள் பார்ப்பார்.

பார்த்துவிட்டு? பதறிப்போய் 100-ஐ அழுத்தினால் அது ஈரோட்டுக்கு வராது. வெளிநாட்டில் இருந்து 100-ம் 112-ம் அடித்தால் நம் கன்ட்ரோல் ரூம் மணி அடிக்காது. அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனின் முழு நம்பர், இந்திய நாட்டு எண்ணோடு சேர்த்து, முன்பே போனில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் பக்கத்துத் தோட்டத்து நம்பர். போலீஸ் ஜீப் தார் ரோட்டில் இருந்து இட்டேரியில் திரும்பி, தோட்டம் தேடி வருவதற்குள் பங்காளி வீட்டு ஆட்கள் 4 பேர் டார்ச் லைட்டோடு ஓடி வந்துவிடலாம்.

"சித்தப்பா, எங்க சாளையில ஆளு நடமாட்டம் தெரியுதுங்க" என்று ராத்திரி 2 மணிக்கு எழுப்பக்கூடிய உறவு எத்தனை பேருக்கு மிச்சம் இருக்கிறது? வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று போன தோட்டங்கள் எத்தனை? காமிரா விற்கும் கடையில் இது கிடைக்காது. காமிராவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய் நம்பர் வாங்கக் கூச்சப்படுகிறார்கள்.

ஆள் போவதற்கு முன் காமிராவிலேயே பேசும் வசதியும் சிலவற்றில் இருக்கிறது. மைக்கில் அதட்டினால் களத்தில் குரல் கேட்கும். திருட வந்தவன் ஓடலாம். ஆனால் கொலைக்குத் துணிந்து வந்தவனிடம் குரல் மட்டும் எடுபடுமா என்பது வேறு விஷயம்.

கடிகாரம்

சம்பவம் நடந்துவிட்டால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. ரெக்கார்டரைத் தொட்டு நோண்டாமல் போலீசாரிடம் காட்ட வேண்டும். பழைய படம் அழியும் முன் நகல் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின்படி, இந்த மாதிரி எலெக்ட்ரானிக் சாட்சியை கோர்ட்டில் கொடுக்கும்போது கூடவே சான்றிதழும் கொடுக்க வேண்டும். எந்தப் பெட்டி, யார் பொறுப்பில் இருந்தது என்பதெல்லாம் அதில் வரும். கணக்கே வேறு ஆள் பெயரில் இருந்தால் அங்கேயும் இழுபறிதான்.

அதோடு பெட்டியின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போன பெட்டிகள் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பழைய தேதிக்கே போய்விடும். நேற்று ராத்திரி புகுந்த ஆசாமி, 2000 ஜனவரி 1-ந் தேதி காலையில் வந்ததாகப் படத்தில் இருக்கும்!